மணலில் எழுதிய எழுத்து

திருவண்ணாமலைக்கு நான் போனது ஒரு நாவலை முடிப்பதற்காக. நாவல் முடியவில்லை, அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரை பிறந்தது. பதிப்பாளர் என்னை மன்னிப்பாராக.

ரமணாசிரமத்துக்கு அருகில், செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியறை ஒன்றை ஒரு மாத வாடகைக்குப் பிடித்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை. விடிவதற்கு முன்பே மயில்கள் கத்த ஆரம்பித்துவிடும். எழுதுவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் எழுத்து என்பது இடத்தைப் பார்த்து வருகிற சரக்கு அல்ல என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஆகவே கீழே இருந்த டீக்கடை பெஞ்சில் என் பொழுது அதிகமாகக் கழிந்தது.

கடையை ஒட்டி ஓர் அம்மாள் பூக் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் அவள் மகன் அங்கே வந்து உட்காருவான். ஒன்பது வயது இருக்கும். வியாபாரத்தில் தாய்க்கு வலது கை அவன்தான். முழம் முப்பது ரூபாய், மூன்றரை முழம் என்றால், வாங்குகிறவர் பையைத் திறப்பதற்குள் "நூத்தி அஞ்சு" என்பான். ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் மீதியை எண்ணிப் பார்க்காமல் எடுத்துக் கொடுப்பான், சரியாக இருக்கும். கிரிவலம் வருகிறவர்களுக்கு எந்த லிங்கம் எவ்வளவு தூரம், எந்த இடத்தில் குடிதண்ணீர் கிடைக்கும் என்றெல்லாம் அவன் சொல்வதைக் கேட்டால், பெரிய மனிதன் ஒருவனைச் சின்னதாக மடித்து வைத்தாற்போல் இருக்கும்.

ஒரு நாள் மாலை அவன் நோட்டுப் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். முகம் வியர்த்திருந்தது. எட்டிப் பார்த்தேன். 'கோபுரம்' என்ற சொல்லைப் பத்துத் தடவை எழுதி வரவேண்டும் என்பது உத்தரவு. முதல் வரியில், மேலே எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, கோபுரம் சரியாக வந்திருந்தது. இரண்டாவது வரியில் அது 'கோபுமர்' ஆகிவிட்டது. நான்காவதில் 'கோரபும்'. ஏழாவதில் வேறொன்று. பத்து வரிகளுக்குள் கோபுரம் ஆறு விதமாக இடிந்து விழுந்திருந்தது. தலையை நிமிர்த்தினால் நிஜக் கோபுரத்தை அவனால் நிலை நிலையாக வருணிக்க முடியும்!

"படிப்பு மட்டும் ஏறமாட்டேங்குது சார்" என்றாள் அவன் தாய், நாரைப் பல்லில் கடித்துக்கொண்டே. "அடிச்சும் பாத்துட்டேன், வேண்டியும் பாத்துட்டேன். இவங்க அப்பாவும் இப்படித்தான். மூணாங்கிளாசோட நின்னுட்டாரு. ரத்தத்துல வந்தது, என்னா பண்றது?"

அவள் அலுப்பில் சொன்ன கடைசி வாக்கியத்தில் ஒரு சரித்திரமே இருக்கிறது. அதைத்தான் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன்.

*

இந்தச் சரித்திரத்தை 1896-ம் வருஷத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். அந்த வருஷம் ஆகஸ்டு மாதம் 29-ந் தேதி மதுரையில் ஒரு வீட்டு மாடியில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் 'இம்பொஸிஷன்' எழுதிக்கொண்டிருந்தான். பெயின் என்பவர் எழுதிய ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை ஒழுங்காகப் படிக்காததற்குத் தண்டனை: மூன்று தடவை எழுதவேண்டும். இரண்டு தடவை எழுதி முடித்தாகிவிட்டது. மூன்றாவது தடவை கை ஓடவில்லை. புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசுவாமிக்குப் பொறுக்கவில்லை. இப்படி இருக்கிறவனுக்கு வீடும் படிப்பும் எதற்கு என்ற பொருள்படக் கடிந்துகொண்டார். அண்ணன் சொன்னது நியாயம்தானே என்று தம்பிக்குப் பட்டது. அண்ணனுடைய கல்லூரிச் சம்பளத்துக்காகக் கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டு ஒன்று எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். வேங்கடராமன் என்ற அந்தப் பையன் ரமண மகரிஷி ஆன கதையை இந்தத் தெருவில் டீக்கடைக்காரர் முதல் வெளிநாட்டு யாத்திரிகர் வரை எல்லோரும் அறிவார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வேங்கடராமனுக்குப் படிப்பதில் ஏதோ குறை இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு ஞாபக சக்தி அபாரம். பிற்பாடு தெலுங்கும் மலையாளமும் கற்று அவற்றில் எழுதவும் செய்தார். மனம் வேறிடத்தில் இருந்தது, அவ்வளவுதான். மேதைகளாகப் பார்த்து இந்தக் குறையை ஒட்டவைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. ஐன்ஸ்டீனைக்கூட விடுவதில்லை, அதற்குத் திடமான ஆதாரம் கிடையாது. குறையுள்ள குழந்தையிடம் அன்பு காட்ட, அவன் நாளைக்கு ஐன்ஸ்டீன் ஆவான் என்ற உத்தரவாதம் எதற்கு?

நான் அந்த மதுரை மாடியை ஞாபகப்படுத்தியது வேறு காரணத்துக்காக. பாடம் வராத பிள்ளைக்கு அந்த நாளில் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று: எந்த வேலை வரவில்லையோ அதையே மூன்று மடங்காகக் கொடுப்பது. உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரிக்கும் வழக்கம் இல்லை. அதே வருஷத்தில், கடலுக்கு அப்பால் ஒருவர் விசாரிக்கத் தொடங்கினார்.

*

வேங்கடராமன் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, 1896 நவம்பர் 7-ந் தேதி, 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியாயிற்று. எழுதியவர் பிரிங்கிள் மார்கன். இங்கிலாந்தின் தென்கரையில் ஸீஃபோர்டு என்ற ஊரில் வைத்தியர். அவர் வருணித்தது பெர்ஸி என்ற பதினாலு வயதுப் பையனை.

பெர்ஸி நல்ல வளர்த்தியான, சூட்டிகையான பையன். விளையாட்டில் மற்றவர்களுக்கு இளைத்தவனல்ல. ஏழு வயதிலிருந்து பள்ளிக்கூடமும் தனி வாத்தியாருமாகப் படிப்பு நடந்திருக்கிறது. எழுத்துக்கள் எல்லாம் தெரியும். ஆனால் எழுத்துக்கள் சேர்ந்து சொல்லாக நின்றால் அவனுக்கு அது சுவர். ஒன்றிரண்டு சின்னஞ்சிறு சொற்களைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை. தன் சொந்தப் பெயரையே, நடுவில் இரண்டு எழுத்துக்களை இடம் மாற்றி, 'ப்ரெஸி' என்று எழுதினான். பலமுறை சுட்டிக் காட்டிய பிறகுதான் தப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. அதே பையனிடம் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது, மளமளவென்று போட்டுச் சரியான விடையைக் கொடுத்தான். பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடக்குமானால் பள்ளிக்கூடத்திலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய உபாத்தியாயர் சொல்லியிருக்கிறார்.

அந்த உபாத்தியாயருக்கு நான் மானசீகமாக ஒரு நமஸ்காரம் செய்கிறேன். வைத்தியர் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. ஆனால், 'இவன் மக்கு அல்ல. இவனிடம் வேறு ஏதோ இருக்கிறது' என்று பள்ளிக்கூடத்தில் கண்டவர் பெயர் தெரியாத அந்த வாத்தியார்தான்.

பிரிங்கிள் மார்கனுக்கு இந்த யோசனை வெட்டவெளியிலிருந்து வரவில்லை. முன்னாலேயே சில வைத்தியர்கள் வழி போட்டிருந்தார்கள். மூளையில் அடிபட்டோ ரத்தம் தடைபட்டோ, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் திடீரென்று படிக்கும் சக்தியை மட்டும் இழந்துவிடுவதுண்டு. கண் தெரியும், பேச்சு வரும், புத்தி தெளிவு. அச்செழுத்து மட்டும் அந்நியமாகிவிடும். ஜெர்மனியில் குஸ்மௌல் என்பவர் 1877-இல் இதற்குச் 'சொல் குருடு' என்று பெயர் வைத்தார். அதே நாட்டுக் கண் வைத்தியர் ருடால்ஃப் பெர்லின் 1887-இல் வெளியிட்ட நூலில் 'டிஸ்லெக்ஸியா' என்ற சொல்லை வழங்கினார். கிளாஸ்கோ நகரத்துக் கண் வைத்தியர் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1895-இல் எழுதிய ஒரு நோயாளியின் கதையைப் படித்தால், கதை எழுதுகிற எனக்கே திக்கென்கிறது. பாஷைகள் கற்பிக்கும் ஐம்பத்தெட்டு வயது ஆசிரியர். ஒரு நாள் காலை மாணவன் கொடுத்த நோட்டைப் பிரித்தார். ஓர் எழுத்துக்கூடப் படிக்க முடியவில்லை!

பெரியவர்களுக்கு நடுவில் வருகிற இந்தக் கோளாறு சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கலாம் அல்லவா? பிரிங்கிள் மார்கன் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். சில வருஷங்களுக்குள், 1905-லேயே, இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதை இங்கிலாந்தின் வைத்தியர்கள் கவனித்துவிட்டார்கள். 'ரத்தத்துல வந்தது' என்று பூக்கார அம்மாள் சொன்னாளே, அது இதுதான்.

*

நம் ஊரில் என்ன நடந்தது? நம்மிடம் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் ஒரு கணக்கெடுப்புக்கு உத்தரவிட்டார். சென்னை ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்களும், அவற்றில் 1,88,650 பிள்ளைகளும் இருந்ததாகக் கணக்கு வந்தது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். அங்கே பாடம் தொடங்குவது மணலில். பையன் ஆள்காட்டி விரலால் மணலில் 'அ' எழுதுவான். எழுதும்போதே வாயால் சொல்லுவான். பக்கத்திலிருப்பவன் கேட்பான், அவனும் சொல்லுவான். கண், காது, வாய், விரல் நாலும் ஒரே எழுத்தில் கூடி நிற்கும். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான்; அவன்தான் சட்டாம்பிள்ளை.

ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதிக்குப் பொறுப்பாளராக இருந்தார். ஒரு நாள் குதிரை மேல் போகும்போது, இப்படி மணலில் எழுதிப் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. 'மலபார்ப் பள்ளிக்கூடம்' என்று குறித்திருக்கிறார். அக்காலத்து ஐரோப்பியர்கள் தமிழர்களையும் மலபாரிகள் என்றே அழைத்தார்கள். விடுதிக்குத் திரும்பியதும், சின்ன வகுப்பில் இதே முறையைச் செய்து பார்க்கும்படி தம் ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்களுக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. உடனே பெல், ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அந்த வேலையை ஒப்படைத்தார். பையன் ஜயித்தான். 1797-இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாக வெளியிட, 'மதராஸ் முறை' என்ற பெயருடன் நம் ஊர் மணல் இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் போய் விழுந்தது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தை நான் சொர்க்கமாகச் சித்திரிக்க விரும்பவில்லை. மணல் இருந்த இடத்திலேயே பிரம்பும் இருந்தது. பிள்ளைகளைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனையும் இருந்தது. பல ஜாதிப் பிள்ளைகள் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது. சுவடி படிக்க வராத பையன் கொஞ்ச நாள் அடிபடுவான். பிறகு மாடு மேய்க்கவோ கடைக்கோ வயலுக்கோ போய்விடுவான். ஊரில் பாதிப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில், அவனை யாரும் தனியாகக் குறைசொல்லவில்லை. எல்லோரும் பள்ளிக்கூடம் போகவேண்டும், எல்லோரும் பரீட்சை எழுதவேண்டும் என்று ஏற்பட்ட பிறகுதான் இந்தப் பிள்ளைகளின் துன்பம் வெளியில் தெரிந்தது. பேச்சு மனிதனுக்குப் பிறப்பிலேயே கூட வருவது. எழுத்து அப்படியல்ல, சுமார் ஐயாயிரம் வருஷத்துப் புது வழக்கம். பேச்சின் ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் ஒரு கோட்டுருவத்தோடு முடிச்சுப் போட மூளை பழகவேண்டும். சிலருடைய மூளை அந்த முடிச்சை எளிதில் போடுவதில்லை. புத்திக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது மணல் பிரயாணத்தின் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஐயோவா ராஜ்யத்தில் ஸாமுவேல் ஆர்ட்டன் என்ற மூளை வைத்தியர், 1925-இல், படிக்க வராத பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராகச் சோதித்தார். அவர்களில் பலர் நல்ல புத்திசாலிகள் என்று கண்டார். எழுத்துக்களைத் திருப்பிப் போட்டுப் படிப்பதற்கு மூளையில் அவர் சொன்ன காரணம் பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் அவர் காட்டிய வைத்தியம் நின்றது. ஆனா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற இரண்டு ஆசிரியைகள் அதை முறைப்படுத்தினார்கள். வைத்தியம் என்ன? எழுத்தைக் கண்ணால் பார், வாயால் ஒலியைச் சொல், காதால் கேள், விரலால் எழுதிப் பார். இன்று உலகம் முழுவதும் இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அறைகளில் ஒரு தட்டு மணல் வைத்திருப்பதைக் காணலாம்! அவர்கள் நம் திண்ணையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. பிள்ளைகளைக் கூர்ந்து பார்ப்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேருகிறார்கள். ரோமாபுரியில் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளிடம் தொடங்கி, உப்புக் காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களைத் தடவிப் படிக்கச் சொன்ன மரியா மாண்டிசோரி அம்மையாரும் அப்படித்தான். அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் பெல் பார்த்த அதே ஊர்!

ஆனால் நம் வகுப்பறைகளில் அதற்குள் மணல் போய்விட்டிருந்தது. பிரம்பு மட்டும் பாக்கி.

*

இந்த இடத்தில் என்னைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது வகுப்புக்கு லீடர். என் பெஞ்சிலேயே ஒரு பையன் இருந்தான். சைக்கிள் டயனமோவைப் பிரித்துச் சேர்ப்பான். கதை சொன்னால் வகுப்பே வாயைப் பிளக்கும். பாட வேளையில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று கணீரென்று வாசிப்பான். ஆனால் முதலில் வேறு யாராவது ஒருவர் வாசித்திருக்க வேண்டும். ஒரு நாள் வாத்தியாருக்குச் சந்தேகம் வந்து அருகில் போய்ப் பார்த்தார். அவன் வாசித்துக்கொண்டிருந்தது பதினேழாம் பக்கம். அவன் கையில் விரிந்திருந்தது முப்பத்தொன்றாம் பக்கம்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பதில் தெரிந்த பையன் தெரியாத பையன் தலையில் குட்டவேண்டும் என்பது அங்கே வழக்கம். "ஏமாத்துறான் பார், குட்டுடா" என்றார் வாத்தியார். நான் குட்டினேன். மெதுவாகக் குட்டவில்லை. ஒருதடவை காதில் விழுந்த ஒரு பக்கப் பாடத்தை ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்ன பையனை, முட்டாள் என்று நினைத்துக்கொண்டு குட்டினேன். அவன் அழவில்லை. புத்தகத்தைச் சரியான பக்கத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டான். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடத்தில் இல்லை.

வாத்தியாரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனிதர். பிரிங்கிள் மார்கன் எழுதி ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

*

வந்து சேர்ந்த விதத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1963-இல் சிகாகோவில் பெற்றோர்கள் ஒரு கூட்டம் போட்டார்கள். ஸாமுவேல் கிர்க் என்ற பேராசிரியர் அங்கே பேசும்போது, இந்தப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பயங்கரப் பெயர் வைக்காமல் 'கற்றல் குறைபாடு' என்று பொதுவாகச் சொல்லலாம் என்றார். படிப்பதில் சிக்கல், எழுதுவதில் சிக்கல், கணக்கில் சிக்கல் எல்லாம் அந்தக் குடையின்கீழ் வந்தன. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில், 'மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன்' தொடங்கிற்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை அது செய்து வருகிறது. 2007-இல் ஆமிர்கான் எடுத்த 'தாரே ஜமீன் பர்' என்ற ஹிந்திப் படம், புத்தகங்கள் செய்யாத காரியத்தை இரண்டே முக்கால் மணி நேரத்தில் செய்தது. பல தகப்பனார்கள் தியேட்டரில் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சட்டம் கடைசியாகத்தான் வந்தது. 1995-ம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. கற்றல் குறைபாடு அவற்றில் இல்லை. 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலை இருபத்தொன்றாக விரித்தபோதுதான் கற்றல் குறைபாடு அதில் ஏறியது. பள்ளிக்கூடங்கள் இதைக் கூடிய சீக்கிரம் கண்டுபிடித்து ஏற்றபடி கற்பிக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிடுகிறது. தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வுகளில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? முதலில் ஒரு எச்சரிக்கை. ஐந்தாறு வயதில் எழுத்தைத் திருப்பிப் போடாத குழந்தை கிடையாது. லகர ளகர ழகரத்தில் தடுமாறாத தமிழனும் அபூர்வம். நானே தடுமாறுவேன், பிழை திருத்துபவர் காப்பாற்றுகிறார். இவற்றை வைத்து முடிவு கட்டக்கூடாது. கண் பார்வையையும் காதையும் முதலில் சோதித்துவிட வேண்டும். வகுப்பில் ஒழுங்காகப் பாடம் நடந்ததா, பிள்ளை பசியில்லாமல் வந்தானா என்றும் பார்க்கவேண்டும். இத்தனையும் சரியாக இருந்து, எட்டு வயதான பிறகும், பேச்சில் இருக்கும் புத்தி எழுத்தில் காணாமல் போகிறது என்றால் அங்கே நிற்கவேண்டும். 'மரம்' என்ற சொல்லில் முதல் ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டால் விழிப்பான். ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் பல விதமாக எழுதுவான். கொம்பையும் காலையும் இடம் மாற்றுவான். தமிழில் 'கொ' என்று எழுத, வாயில் பின்னால் வரும் உயிரொலிக்குக் கையில் முன்னால் கொம்பு போடவேண்டும்; இந்த முன்பின் அவனுக்குப் பெரிய தொல்லை. தமிழ் ஓரளவு சொல்கிறபடி எழுதுகிற பாஷையானதால், சில பிள்ளைகள் பிழையில்லாமலே படித்துவிடுவார்கள். ஆனால் ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆகும். அந்த மெதுவும் ஓர் அடையாளம். பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்று வலி வருவதும் சில சமயம் அடையாளம்தான்.

மக்குகள் என்று ராஜா கைவிட்ட மூன்று பிள்ளைகளை விஷ்ணுசர்மா ஆறே மாதத்தில் கெட்டிக்காரர்களாக்கியதாகப் பஞ்சதந்திரம் சொல்கிறது. அவர் அவர்களுக்கு இம்பொஸிஷன் கொடுக்கவில்லை. கதை சொன்னார். புத்தி எந்த வாசல் வழியாகப் போகிறதோ அந்த வாசலில் போய் நின்றார்.

*

டீக்கடை பெஞ்சுக்குத் திரும்புவோம். இவ்வளவையும் பூக்கார அம்மாளிடம் சொல்ல எனக்கு நாலு நாள் தைரியம் வரவில்லை. சொன்னபோது அவள் கை நின்றுவிட்டது.

"சர்ட்டிபிகேட்டுல பைத்தியம்னு எழுதிடுவாங்களா சார்?"

"இல்லேம்மா. படிக்கிற வழி வேற, அவ்வளவுதான். உங்க பையனுக்குப் புத்தி இல்லேன்னு யார் சொன்னாலும், ஒரு கணக்குக் கொடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

அவள் நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. மறுநாள் நானும் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆசிரியை இளம்பெண், நாற்பது பிள்ளைகள் அவள் பொறுப்பில். நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகத்தில் ஒரு விடுதலை தெரிந்தது.

"எனக்கும் ஒரு வருஷமா சந்தேகம் சார். பயிற்சியில சொல்லிக் கொடுத்திருக்காங்க. அம்மாகிட்ட சொன்னா, என் புள்ளைக்கு ஊனம்ங்கிறியான்னு கோவிச்சுக்குவாங்களோன்னு பயந்துக்கிட்டுச் சொல்லல."

"நான் கேட்டா, உன் புள்ள மக்குன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துக்கிட்டு நானும் கேக்கல டீச்சர்" என்றாள் அம்மாள்.

ஒரு வருஷம்! ஒரே பிள்ளையை இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். இடையில் அவன் கோபுரத்தைப் பத்துத் தடவை எழுதிக்கொண்டிருந்தான். வைத்தியர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். சட்டசபைகள் சட்டம் போட்டுவிட்டன. ஆனால் கண்டுபிடிப்பது என்பது கடைசியில் இவ்வளவுதான்: தாயும் டீச்சரும் ஒருவரோடொருவர் வாய்விட்டுப் பேசவேண்டும்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வரும் நாளைக் குறித்துக் கொடுத்தாள் ஆசிரியை. பத்துத் தடவை எழுதும் உத்தரவு ரத்தாயிற்று. அவன் படிப்பு ஒரே நாளில் சீராகிவிடும் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். இது வருஷக்கணக்கான வேலை. இந்தக் குறை மாயமாக மறைவதில்லை; அதோடு வாழவும் வெல்லவும் பழகவேண்டும்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள் விரூபாக்ஷ குகைக்கு ஏறிப் போயிருந்தேன். 1901-1902 வாக்கில், தென்னார்க்காடு கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் இங்கே வந்து ரமணரிடம் கேள்விகள் கேட்டார். அவர் மௌனத்திலிருந்த காலம். பதில்களை விரலால் மணலில் எழுதிக் காட்டினாராம். மதுரையில் மூன்றாவது தடவை எழுத மறுத்த அதே கை.

கீழே இறங்கி வந்தபோது அந்தி சாய்ந்துவிட்டது. பூக்கடைப் பக்கத்தில் பையன் குந்தியிருந்தான். டீச்சர் சொல்லியிருந்தபடி, தாய் ஒரு பழைய தாம்பாளத்தில் மணல் பரப்பிக் கொடுத்திருந்தாள். வாயால் "கோ" என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே விரலால் கொம்பு போட்டான், பிறகு ககரம், பிறகு கால். நின்று பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளங்கையால் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். யாரும் அவனைப் பத்துத் தடவை எழுதச் சொல்லவில்லை.